கரையோரத்து இரண்டு வெள்ளைப் புள்ளிகள்

முந்தாநாள் காலையில் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. நம் ஆபீசில் புதுசாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் அனுப்பியிருந்தார். பழைய கோப்புகளைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருக்கிறாராம். குருவிகுளம் பக்கத்தில் உள்ள மேலக்குளத்தின் செயற்கைக்கோள் படம் ஒன்றில், கரையின் வடக்கு மூலையில் ஒன்றும் தெற்கு மூலையில் ஒன்றுமாக இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றனவாம். வேறு எந்தத் தேதிப் படத்திலும் அவை இல்லையாம். "கேமராக் கோளாறு மாதிரி இருக்கு மேடம், நீக்கிரட்டுமா?" என்று கேட்டிருந்தார்.

நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "கை வைக்காதீங்க, காரணம் எழுதி அனுப்புதேன்" என்று தட்டிவிட்டேன். அதற்குள் தோசை கருகிவிட்டது. வீட்டுக்காரர் அந்தக் கருகின தோசையை அப்படியே சாப்பிட்டார், பாவம்.

இன்னொரு பாக்கியும் இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு, "கம்ப்யூட்டர் வேலை தெரிஞ்ச நீங்க சுற்றுச்சூழல் வேலைக்கு எப்படி மேடம் வந்தீங்க? எங்க பிரண்ட்ஸ் எல்லாம் அதைத்தான் தேடுதாங்க" என்று கேட்டீர்கள். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு நைசாக நழுவிவிட்டேன். மேடையில் நின்று ரெண்டு நிமிஷத்தில் சொல்லுகிற விஷயமா அது? இப்போது நேரம் தாராளமாக இருக்கிறது. ரெண்டுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் பத்தொன்பது வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான். எந்தத் தெருவில் எந்தத் தறியில் என்ன சேலை ஓடுகிறது, எந்தக் கலர் தேங்குகிறது, எது பற்றாக்குறை என்று பார்ப்பதுதான் வேலை. மாம்பழக் கலர் சேலை இந்த வாரம் குறைந்தால், யார் வீட்டுத் தறி நின்றிருக்கிறது என்று பட்டியலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது மனசுக்குள் ஒரு குடைச்சல் இருந்துகொண்டே இருக்கும். இவ்வளவு எண்ணத் தெரிந்தவள், இந்தத் தண்ணீரை எண்ணுகிற வேலைக்கு ஆகமாட்டேனா என்று தோன்றும்.

வேலை விளம்பரங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தாவரவியல் கேட்டார்கள், விலங்கியல் கேட்டார்கள். என்னிடம் இருந்ததோ ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோ. சரி, சும்மாவாவது போவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசுதேவநல்லூரில் குளத்துக் கரையில் மரக்கன்று நடுகிற கூட்டத்துக்குப் போனேன். நான் நட்ட கன்று அப்போதே சாய்ந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார்கள். என்னை நம்பி ஒரு மரத்தை ஒப்படைத்தால் அந்த மரத்துக்குத்தான் ஆபத்து என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

ஆனால் அந்தக் கரையில், கூட்டத்தை நடத்திய சின்ன அமைப்பின் தலைவர், சுற்றிலும் நோட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு வியர்த்து உட்கார்ந்திருந்தார். இந்த வட்டாரத்துக் குளங்களை எல்லாம் அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஒரே குளத்துக்கு ஊரில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர், பக்கத்து ஊரில் வேறொரு பெயர். மனுஷர் ஒரு குளத்தை மூன்று தரம் எண்ணியிருந்தார், இன்னொன்றை விட்டேவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜவுளியில் இது தினசரிக் கூத்து. ஒரே சேலைக்கு நெய்கிறவர் ஒரு பேர் சொல்லுவார், கடைக்காரர் ஒரு பேர் சொல்லுவார், கட்டுகிறவள் மூன்றாவதாக ஒன்று சொல்லுவாள். "சார், அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கி உட்கார்ந்தேன். சாயங்காலத்துக்குள் ஒரு நோட்டு ஒழுங்காகிவிட்டது. அடுத்த ஞாயிறும் வரமுடியுமா என்று கேட்டார். நான்கு மாசம் ஞாயிறு ஞாயிறாகப் போனேன். ஐந்தாவது மாசம் எனக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்.

உங்கள் நண்பர்களுக்கு இதைச் சொல்லுங்கள். நல்ல காரியம் செய்கிறவர்கள் நோட்டுகளுக்கு நடுவில் மூச்சுமுட்டிக் கிடக்கிற இடம் எங்கேயாவது இருக்கும். அங்கே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் வேலை அங்கேதான் கிடக்கிறது, இன்னும் அதற்குப் பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தலைவரைத்தான் நாங்கள் எல்லோரும் சார் என்போம். பேர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் இங்கேயும் சார் என்றே இருக்கட்டும்.

ரெண்டு வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. வட்டாரத்துக் குளங்களைப் பற்றி முடிவெடுக்க அரசாங்கத்தில் ஒரு குழு அமைத்திருந்தார்கள். எந்தக் குளத்துக்குத் தண்ணீர் வருகிறது, எந்தக் குளம் வருஷக்கணக்கில் காய்ந்தே கிடக்கிறது என்று நாங்கள் பட்டியல் கொடுக்கவேண்டும். உயிருள்ள குளத்துக்கு மராமத்து. செத்த குளத்தின் நிலத்தை வேறு உபயோகத்துக்கு விடலாம். சூரிய மின் பலகை போட ஒரு நிறுவனம் இடம் கேட்டுக் காத்துக்கொண்டிருந்தது. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். என் வீட்டு மொட்டைமாடியிலும் அந்தப் பலகைதான் இருக்கிறது.

செயற்கைக்கோள் படங்களை வைத்து நான் ஒரே மாசத்தில் பட்டியலை முடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, அழகான பட்டியல். பச்சை, நீலம், சிவப்பு என்று கலர் எல்லாம் போட்டு, ஜவுளிக் கடைப் புத்தி போகுமா? சிவப்பு என்றால் செத்த குளம். பத்துக் குளங்கள் சிவப்பில் இருந்தன. மேலக்குளம் அதில் முதலாவது. வருஷக்கணக்கான படங்களில் ஒன்றில்கூட அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பட்டியலைக் குழுவுக்கு அனுப்பியாகிவிட்டது. சார் மட்டும், கூட்டத்துக்கு முன்னால் அந்தப் பத்துக் குளத்தையும் நேரில் போய் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள் என்று பிடிவாதமாகச் சொன்னார். எனக்கு எரிச்சல். மேலே இருந்து இத்தனை படம் பார்த்தாயிற்று, கீழே போய் என்ன பார்க்க?

கூட்டத்துக்கு முதல்நாள் புறப்பட்டேன். புரட்டாசியில் முன்கூட்டியே ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேலக்குளத்துக்குள் ஸ்கூட்டியை இறக்கினேன், செத்த குளம்தானே என்று. இருபதடி போயிருப்பேன். வண்டி சக்கரம் பாதி வரைக்கும் உள்ளே போய்விட்டது. இறங்கினேன், நானும் முழங்கால் வரைக்கும் உள்ளே. கரிசல் சேறு பிடித்தால் லேசில் விடாது. ஒரு செருப்பு இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

ஆடு பத்திக்கொண்டு வந்த ஒரு பெண் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் வயசுதான் இருக்கும். பெயர் செல்லக்கனி என்று பிறகு தெரிந்தது. பையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு பெண் வந்தால் அந்தப் பக்கத்தில் டீச்சர்தான். இறங்கி வந்து வண்டியை ஒரு பக்கம் பிடித்தவள், இங்கன என்ன சோலி டீச்சரே என்றாள். நானும் வெட்கத்தை மறைக்கப் பெரிய ஆபீசர் மாதிரி, இது செத்த குளம், போட்டோ எடுக்க வந்தேன் என்றேன்.

அவள் என் காலைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள்.

"செத்த கொளத்துலயா இம்புட்டுச் சேறு கெடக்கு?" என்றாள்.

வண்டியை ரெண்டு பேருமாக இழுத்துக் கரையேற்றுவதற்குள் அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். மழை பெய்தால் மேலக்குளம் ஒரே நாளில் நிறைந்துவிடும். மூன்று ராத்திரி நிறுத்தி வைப்பார்கள். அந்த மூன்று ராத்திரியில் ஊர்க் கிணறுகள் எல்லாம் ஊறிவிடும். நாலாம் நாள் விடியக்காலம் மடையைத் திறந்து மிச்சத் தண்ணீர் முழுவதையும் கீழக்குளத்துக்கு விட்டுவிடவேண்டும். எப்போதோ மேலக்குளம், கீழக்குளம் என்று குளத்தின் பேரையே வைத்துக்கொண்ட ரெண்டு ஊரும் அடித்துக்கொண்டு, பேசி வைத்துக்கொண்ட முறை அது. அன்றிலிருந்து ஒரு தரம்கூடத் தவறினதில்லை. மடை திருகுகிற சாவி வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து மாறும். அந்த வருஷம் செல்லக்கனி வீட்டு முறை. புரட்டாசித் தண்ணீரை அவள்தான் முந்தினநாள் திறந்துவிட்டிருந்தாள்.

என் தப்பு என்னவென்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. மேகம் மூடின படங்களில் ஒன்றும் தெரியாது என்று, அதையெல்லாம் எடுத்துத் தூரப் போடும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருந்தது நான்தான். மேகம் விலகி நல்ல படம் கிடைக்கிற நாளில் மேலக்குளத்துத் தண்ணீர் கீழக்குளத்துக்குப் போயிருக்கும். மழை நாட்களை எல்லாம் என் கையாலேயே வீசி எறிந்துவிட்டு, இந்தக் குளத்துக்குத் தண்ணீரே வருவதில்லை என்று கலர் போட்டு எழுதியிருக்கிறேன். கெட்டிக்காரி!

நாளைக் காலையில் கூட்டம். கரையில் நின்றே சாருக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டார். எங்கள் அமைப்புக்கு வந்த முதல் பெரிய வேலை அது. அது போனால் என் மேஜையும் போகும், எனக்கு நன்றாகத் தெரியும்.

"தப்ப நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

"நானே சொல்லுதேன் சார்."

"சரி. குளிச்சிட்டு வாங்க."

இவ்வளவுதான் அவர் பேசினது. பல்லைக் கடித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் கூட்டத்தில் எழுந்து, என் பட்டியல் தப்பு என்றேன். எந்த இடத்தில் தப்பு, எப்படித் தப்பு, எல்லாம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. தலைமை வகித்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, போன வாரம் நீங்கள்தான் தண்ணீர் இல்லை என்று எழுதிக் கொடுத்தீர்கள், இந்த வாரம் இருக்கிறது என்கிறீர்கள், நான் எதை நம்ப என்றார். நியாயமான கேள்விதானே? மூன்று ராத்திரி முறை எந்தக் காகிதத்திலும் இல்லை. இல்லை என்று சொன்னது ஒரு படம், இருக்கிறது என்று சொல்லவும் ஒரு படம் கொண்டுவாருங்கள் என்றார். கார்த்திகைக் கடைசி வரைக்கும் நேரம் கொடுத்தார். அதற்குள் கொண்டுவராவிட்டால் மேலக்குளம் பலகைக்குப் போய்விடும்.

இனி மழையை நம்பி இருக்கவேண்டும். மழை மட்டும் பெய்தால் போதாது. அந்தச் செயற்கைக்கோள் ஐந்து நாளைக்கு ஒரு தரம்தான் காலை பத்தரை வாக்கில் நம் தலைக்கு மேலே போகும். குளம் நிறைந்திருக்கிற மூன்று நாளுக்குள் அது வரவேண்டும், வருகிற நேரத்தில் மேகமும் இருக்கக்கூடாது. அது வருகிற தேதிகளை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி செல்லக்கனியிடம் கொடுத்திருந்தேன். அவள் அதைத் தினசரி நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள்.

ஐப்பசி முழுக்கத் தூறல்தான். கார்த்திகை பிறந்து ஒரு சனிக்கிழமை கொட்டித் தீர்த்தது. ஞாயிறு காலையில் செல்லக்கனி போனில், டீச்சரே கொளம் நெறஞ்சிட்டு என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இல்லை. காகிதத்தைப் பார்த்திருக்கிறாள். செயற்கைக்கோள் வருவது புதன்கிழமை. முறைப்படி செவ்வாய் விடியக்காலம் மடை திறந்தாகவேண்டும். ஒரே ஒரு நாள் இடிக்கிறது.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வீர்கள்? எனக்கு முதலில் தோன்றியது குறுக்கு வழிதான். யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் தள்ளித் திறக்கலாமே, யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று அவளிடம் சொல்லியும்விட்டேன். அவளோ, "அப்படிச் செஞ்சா அது எங்க முறை இல்ல டீச்சரே. கீழக்குளத்துல போய்க் கேப்போம், வாங்க" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த முறையை நிரூபிக்கத்தான் இவ்வளவு பாடு, அதையே திருட்டுத்தனமாக உடைக்கச் சொல்லிவிட்டேன் பாருங்கள்.

அன்றைக்கே போனோம். கீழக்குளத்துப் பாசனத்துக்குப் பெரியவர் உரக்கடை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி. கடையில் அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர். நான் லேப்டாப்பைத் திறந்து அரை மணி நேரம் விளக்கினேன். வானத்தில் சுற்றுவது, ஐந்து நாள், மேகம், எல்லாம். ஒருவர் கொட்டாவி விட்டார். அண்ணாச்சி கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, தண்ணீர் ஒரு நாள் மேலே நின்றால் தங்கள் பங்கில் ஒரு சாண் குறையும் என்றார். அதுகூடப் பரவாயில்லை. இன்றைக்கு ஒரு நாள் என்பார்கள், அடுத்த வருஷம் ரெண்டு நாள் ஆகும், இதற்காகத்தானே முன்னோர் அடித்துக்கொண்டார்கள் என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் லேப்டாப்பை மூடினேன்.

செல்லக்கனி முன்னால் வந்தாள். மடியில் துண்டு சுற்றி ஒன்றை வைத்திருந்தாள். அதைப் பிரித்து உர மூட்டை மேல் வைத்தாள். குறுக்குப் பிடி போட்ட, முழங்கை நீள இரும்பு. மடைச் சாவி.

"இது ஒங்ககிட்ட இருக்கட்டும் அண்ணாச்சி. புதங்கெழம படம் எடுத்த ஒடனே நீங்களே வந்து தொறங்க" என்றாள்.

கொட்டாவி விட்டவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சாவி மேலக்குளத்து எல்லையைத் தாண்டினதே கிடையாது. அண்ணாச்சி அதைத் தொடாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்துக் கையில் வைத்து எடை பார்த்தார். என் பக்கம் திரும்பி, "புதங்கெழம எத்தன மணிக்கு ஒங்க வண்டி மேல போவுது?" என்றார், ஏதோ ராஜபாளையம் பஸ்ஸைக் கேட்கிற மாதிரி. பத்தரை என்றேன்.

திரும்பி வருகிறபோது செல்லக்கனியிடம், ஊரில் கேட்காமல் கொடுத்துவிட்டாயே, உன்னைச் சும்மா விடுவார்களா என்றேன். டீச்சர் பிடுங்கிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லிருவேன் என்றாள். சொல்லியும்விட்டாள் போலிருக்கிறது, ஏனென்றால் திங்கள்கிழமை முழுக்க எனக்குப் போனில் செமத்தியான வசவு. சாவகாசமாக எல்லோருக்கும் பதில் சொன்னேன். சாயங்காலத்துக்குள் வசவு ஓய்ந்து, புதன்கிழமை நாங்களும் கரைக்கு வாரோம் என்று ஆகிவிட்டது.

புதன்கிழமை எட்டு மணிக்கே ரெண்டு ஊரும் கரையில். வானம் மூடிக் கிடந்தது. அண்ணாச்சி சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தார். தண்ணீர் கரை தொட்டு நிற்கிறது. செயற்கைக்கோள் படத்தில் நாங்கள் நிற்பது தெரியுமா என்று கேட்டார். ஆள் தெரியாது அண்ணாச்சி, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இடம்தான் அதற்கு ஒரு புள்ளி என்றேன். அவர் யோசித்தார். வேட்டியைச் சேர்த்து விரித்தால் என்றார்.

மக்கா, அந்த ஒரு வார்த்தைதான். பழைய ஜவுளிக்காரி எனக்குள் துள்ளி எழுந்துவிட்டாள். எத்தனை வேட்டி விரித்தால் எவ்வளவு இடம் மூடும் என்று நான் மனக்கணக்குப் போட்டுச் சொல்லுவதற்குள் ஆட்கள் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். கட்டியிருந்தது, கொடியில் காய்ந்தது, கல்யாணத்துக்கு எடுத்து மடிப்புக் கலையாமல் இருந்தது, எல்லாம் வந்தது. கரை மூலையில் ஒரு பொட்டலில் விரிக்கலாம் என்றேன். அதில் ஒரு தகராறு. எங்கள் வேட்டியை அவர்கள் வேட்டியோடு சேர்த்து விரிக்கமாட்டோம், எங்களுக்குத் தனிப் புள்ளி வேண்டும் என்று மேலக்குளத்துக்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். சரி என்று வடக்கு மூலையில் மேலக்குளம், தெற்கு மூலையில் கீழக்குளம். காற்றில் பறக்காமல் ஓரத்துக்கெல்லாம் கல் வைத்தார்கள். ரெண்டு ஊர் ஆம்பளைகளும் கைலியில் நின்றார்கள். பெண்கள் சிரித்த சிரிப்பு குளத்துக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

பத்து மணி. மேகம் அசையவில்லை. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிட்டது. செல்லக்கனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மனசுக்குள் அதிகாரி முகம், சார் முகம், அந்தச் சாவி எல்லாம் வந்துபோயின. பத்தேகாலுக்கு மேற்கே மலைப் பக்கம் லேசாக வெளுத்தது. பத்தரைக்கு ரெண்டு மூன்று நிமிஷம் இருக்கும்போது, எங்கள் காலடியில் எங்கள் நிழல் விழுந்தது. முதலில் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் குனிந்து நிழலைத்தான் பார்த்தோம். அப்புறம் யாரோ மேலே பார்த்துக் கையை ஆட்டினார்கள். உடனே ரெண்டு ஊரும் சேர்ந்து ஆட்டியது. அங்கே மேலே ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை, நானும் சேர்ந்து ஆட்டினேன்.

பத்து நிமிஷத்தில் மறுபடி மூடிக்கொண்டது. அண்ணாச்சி மடைக்குப் போய்ச் சாவியை மாட்டினார். மாட்டிவிட்டுத் திருகாமல் நின்றார். செல்லக்கனியைக் கூப்பிட்டு மறுபக்கத்துப் பிடியைப் பிடிக்கச் சொன்னார். ரெண்டு பேரும் சேர்ந்து திருகினார்கள். தண்ணீர் கீழக்குளத்தைப் பார்த்து ஓடியது. அண்ணாச்சி சாவியைக் கழுவித் துடைத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

படம் வர மறுநாள் மத்தியானம் ஆகும் என்று சொல்லியிருந்தேன். கேட்டால்தானே? காலையிலேயே அண்ணாச்சியும் செல்லக்கனியும் பஸ் ஏறி சங்கரன்கோவில் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சார் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். டீயும் வடையும் ரெண்டு சுற்று வந்தது. படம் வந்ததும் திறந்தேன். மேலே பாதி வெறும் மேகம். கீழே இறக்கிக்கொண்டே வந்தேன். மேகத்தின் ஓரம் விலகின இடத்தில் மேலக்குளம் கிடந்தது, கரை வரைக்கும் நீலமாக. ஒரு மூலையில் மட்டும் லேசாக மேக நிழல். வடக்கே ஒரு வெள்ளைப் புள்ளி. தெற்கே ஒரு வெள்ளைப் புள்ளி.

செல்லக்கனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். மேலக்குளத்துப் புள்ளியைவிடத் தங்கள் புள்ளி கொஞ்சம் பளிச்சென்று இருக்கிறதல்லவா என்று சாரைச் சாட்சிக்கு இழுத்தார். சார் ரொம்ப யோசித்து, இருக்கிற மாதிரித்தான் தெரியுது என்றார். செல்லக்கனி அழுகையோடு சிரித்தாள். அந்தப் பத்தொன்பது வருஷத்திலும் சரி, இந்த வேலையிலும் சரி, அவ்வளவு சந்தோஷமான ஒரு நாளை நான் பார்த்ததில்லை.

கூட்டத்தில் அதிகாரி படத்தை வெகுநேரம் பார்த்தார். கடைசியில், இந்த ரெண்டு வெள்ளை என்ன என்று கேட்டார். வேட்டி சார் என்றேன். விளக்கச் சொன்னார், விளக்கினேன். அறையே சிரித்தது. செத்த குளங்களின் பட்டியலில் மேலக்குளத்தின் பெயரை அவர் கையாலேயே அடித்தார். சூரிய மின் பலகைக்கு மேலநீலிதநல்லூர் போகிற வழியில் ஒரு கல்லுப் பொட்டல் கிடைத்தது, அதுவும் நல்லபடியாக ஓடுகிறது. என் சிவப்புப் பட்டியலில் மிச்சம் இருந்த ஒன்பது குளத்துக்கும் நேரில் போனேன், இந்தத் தடவை வண்டியைக் கரையிலேயே நிறுத்திவிட்டு. அதில் இன்னும் மூன்று குளங்களுக்கு உயிர் இருந்தது.

நம் பட்டியல்களில் எல்லாம் கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறதே, 'யாரிடம் கேட்டது' என்று, அது அந்த வாரம் நான் சேர்த்தது. அதை நிரப்பாமல் கம்ப்யூட்டர் அடுத்த வரிக்குப் போகவிடாது. அதற்காக நீங்கள் என்னை முதுகுக்குப் பின்னால் திட்டுவது எனக்குத் தெரியும். நன்றாகத் திட்டுங்கள், ஆனால் நிரப்புங்கள். அந்தக் கட்டத்தில் முதல் முதலாக ஏறின பெயர் செல்லக்கனி. போன மாசம் அவள் பேத்திக்குக் காது குத்தினார்கள், போயிருந்தேன். இன்னும் டீச்சர்தான் நான்.

இப்போது முந்தாநாள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தப் புள்ளிகளைக் கம்ப்யூட்டர் பிழை என்றுதான் சொல்லும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் அழித்துவிடாதீர்கள் மக்கா. வடக்கே இருப்பது மேலக்குளம், தெற்கே இருப்பது கீழக்குளம். ரெண்டுக்கும் நடுவில், படத்தில் தெரியாமல், கையை ஆட்டிக்கொண்டு நான் நிற்கிறேன்.